கோர்ட்டு இண்டர்பிரிட்டர் வீட்டு நேர்காணல்

கலியாணசுந்தரம் மலாக்கா கோர்ட்டில் பதினோரு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார். அதில் ஒரு வார்த்தைகூட அவருடையதில்லை. சாட்சி தமிழில் சொல்வதை ஆங்கிலத்திலும், மாஜிஸ்திரேட் ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழிலும் மாற்றிச் சொல்வதுதான் உத்தியோகம். சாட்சி திட்டினால் அவரும் திட்ட வேண்டும், அழுதால் மட்டும் அழ வேண்டியதில்லை என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பார்.

அவர் மனைவி லலிதாம்பாள் சிங்கப்பூரில் விலங்கியல் படித்து முதுகலைப் பட்டம் வாங்கியவள். மலாக்காவை ஒட்டிய தெங்கேராக் கடற்கரையின் சேற்றில் நீரை விட்டு வெளியே வந்து தத்தித் தாவும் மீன்களைப் பற்றித்தான் அவளுடைய ஆராய்ச்சி. மலாய்க்காரர்கள் பெலாச்சாக் என்பார்கள். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து மூன்று வருஷமாகியிருந்தது. பள்ளிக்கூட வேலை கேட்காமலே கிடைத்தது. அவளும் பெண்கள் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். ஆனால் மனசெல்லாம் பல்கலைக்கழகத்தில் இருந்தது. ஆராய்ச்சியைத் தொடர அங்கேதான் வழி.

முதல் விண்ணப்பத்துக்குப் பதிலே இல்லை. இரண்டாவதற்குச் சிங்கப்பூரில் ஒரு கல்லூரியிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. போய்த் திரும்பியவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னா செய்றீங்கன்னு ஒரே ஒரு கேள்விதாங்க கேட்டாங்க. இருபது நிமிஷம் பேசுனேன். அதுல ஒருத்தர் ஜன்னலையே பார்த்துக்கிட்டிருந்தாரு. எனக்கே நான் என்னா பேசுறேன்னு மறந்துபோச்சு."

கலியாணசுந்தரத்துக்கு அந்த முகம் பழக்கமானது. உண்மையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கூண்டில் தடுமாறி நிற்கும் சாட்சிகளை அவர் தினமும் பார்க்கிறார்.

ஆறு மாதம் கழித்துக் கோலாலம்பூரிலிருந்து கடிதம் வந்தது. துணை விரிவுரையாளர் வேலைக்கு நேர்காணல், இன்னும் மூன்று வாரத்தில். அன்று மாலையே கலியாணசுந்தரம் முன்னறையில் சாப்பாட்டு மேசையை இழுத்துப் போட்டு, பின்னால் மூன்று நாற்காலிகளை வைத்தார். ஒன்றில் அவர். இன்னொன்றில் கோர்ட்டு குமாஸ்தா விநாயகம். மூன்றாவதில் பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமி. அவர் பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டி வம்சத்துப் பெண்மணி. சாமி பெயர்களைத் தவிர அவருக்குத் தமிழ் வராது, வீட்டுப் பேச்செல்லாம் மலாய்தான். "என்னை எதுக்கு உட்கார வைக்கிற?" என்று மலாயில் கேட்டார். "உங்களுக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்க்கா" என்று கலியாணசுந்தரமும் மலாயில் சொன்னார்.

லலிதாம்பாள் தன் ஆராய்ச்சியை மலாயில் சொல்ல வேண்டியிருந்தது. பாதிச் சொற்களுக்கு மலாயில் வழியில்லை. அவற்றை விட்டுவிட்டு, மீன் செவுளுக்குள் தண்ணீரைத் தேக்கிக்கொண்டு கரையேறுவதைக் கையாலேயே காட்டினாள். பாக்கியலட்சுமி கன்னத்தில் கை வைத்துக் கேட்டுவிட்டு, "காலாவ் ஆயர் பாசாங், டியா பெர்னாபாஸ் மாச்சாம் மானா?" என்றார். கடல் ஏறி, சேற்றில் அது தோண்டியிருக்கும் வளையை மூடிவிட்டால் உள்ளே இருக்கும் மீன் எப்படி மூச்சுவிடும் என்று கேட்கிறார்.

லலிதாம்பாள் காட்டிக்கொண்டிருந்த கையை இறக்கி, மலாயிலேயே சொன்னாள். "தெரியலக்கா. யாரும் இன்னும் பார்க்கல."

"அதை அப்படியே சொல்லு" என்றார் கலியாணசுந்தரம். "தெரியாததைத் தெரியலன்னு சொல்ற சாட்சியைத்தான் மாஜிஸ்திரேட் நம்புவாரு."

அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். கோர்ட்டுப் பழக்கம் விடவில்லை. மறுநாளிலிருந்து அவளைக் கேள்விகளால் துளைத்தார். நீட்டாதே, கேட்டதற்கு மட்டும் சொல், கையை ஆட்டாதே, கண்ணைத் தாழ்த்தாதே. எட்டாம் நாள் லலிதாம்பாள் எழுந்துவிட்டாள்.

"நான் ஒண்ணும் திருடிட்டு வந்து நிக்கலீங்க!"

விநாயகம் மெல்லத் தன் சைக்கிளைத் தேடிப் போனார். கலியாணசுந்தரம் நாற்காலிகளை அதனதன் இடத்தில் கொண்டுபோய்ப் போட்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களின் பயத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர், வீட்டிலேயே ஒருத்தியைக் கூண்டில் ஏற்றிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறியதும், "என்னையும் கூட்டிட்டுப் போ, உன் மீனைப் பார்க்கணும்" என்றார். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டதே இல்லை. கடல் வற்றியிருந்தது. தெங்கேரா சேற்றில் முழங்கால்வரை இறங்கி நின்று அவள் காட்டிக் காட்டிப் பேசினாள். அதோ அது ஆண், துடுப்பை விரித்துப் பக்கத்து ஆளை மிரட்டுகிறது. இது தன் வளையைச் சரிபண்ணுகிறது, வாயில் சேறு பாருங்கள். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. ஆட்டாதே என்று அவர் சொன்ன கைகள் காற்றில் பறந்துகொண்டிருந்தன.

"இப்படியே அங்க போயிப் பேசு" என்றார். "நான் சொன்னதுல, தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்ங்கறதை மட்டும் வச்சுக்க. மத்ததை மறந்துடு."

அவள் சேற்றுக் கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கரையேறினாள்.

நேர்காணலில் வேலை கிடைத்தால் எதை ஆராய்வாய் என்று கேட்டார்களாம். கடல் ஏறும் நேரத்தில் வளைக்குள் மீன் எப்படி மூச்சுவிடுகிறது என்று சொல்லி, பக்கத்து வீட்டு அக்கா கேட்ட கேள்வி என்றும் சேர்த்துச் சொன்னாளாம். நேர்காணல் குழுவின் தலைவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தாராம்.

பதில் வந்த அன்று கலியாணசுந்தரம் ஒரு கோழித் திருட்டு வழக்கில் நின்றுகொண்டிருந்தார். கோர்ட்டின் கடைசி வரிசையில் லலிதாம்பாள் வந்து நின்று ஒரு கடித உறையை உயர்த்திக் காட்டினாள். முகமே எல்லாம் சொல்லிவிட்டது. சாட்சி ஏழு கோழி என்று சொல்ல, இவர் ஆங்கிலத்தில் எழுபது என்றார்.

"எழுபதா?" மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏழு, துவான். என் தப்பு." பதினோரு வருஷத்தில் அந்தக் கோர்ட்டில் அவர் சொந்தமாகப் பேசியது அதுதான்.

முதல் வகுப்பன்று லீவு போட்டுக் கோலாலம்பூர் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். எண்பது மாணவர்கள். லலிதாம்பாளின் குரல் முதலில் முன்வரிசையைத் தாண்டவில்லை. பிறகு கரும்பலகையில் மீனை வரையத் தொடங்கினாள். சுண்ணாம்புக்கட்டி இரண்டாக உடைந்தும் நிறுத்தவில்லை. மதியம் கேன்டீனில் தேநீரை ஆற்றியபடி, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"கடைசி வரிசைக்குப் பாதிதான் கேட்டுச்சு."

"இவ்வளவுதானா?"

"மீதிப் பாதியையும் கேட்கணும்னு ஆசையா இருந்துச்சு."

அவருக்குக் கோலாலம்பூர் கோர்ட்டுக்கு இடமாற்றம் கிடைக்கப் பதினான்கு மாதம் ஆனது. அதுவரை ஒவ்வொரு சனிக்கிழமையும் மலாக்காவில் வீடிருந்த காஜா பேராங்கிலிருந்து கோலாலம்பூருக்கு பஸ் ஏறினார், ஒரு கையில் சாப்பாட்டு அடுக்கும் மறுகையில் மூடி போட்ட தகர வாளியுமாக. வாளிக்குள் தெங்கேராச் சேறும் உயிருள்ள மீன்களும் இருந்தன. பஸ்ஸில் யாராவது என்னவென்று கேட்டால், பாதி வழியில் சிரம்பான் வரும்வரை விளக்கிக்கொண்டு வருவார்.