தேவானந்தம் சாருக்கு நன்றி சொன்ன கம்பைலர்

மேற்குத் தாம்பரத்தில், ஒரு ஸ்வீட் ஸ்டாலின் தலைக்கு மேல், தேவானந்தம் ஒரு சாம்ராஜ்யத்தை ஆண்டுகொண்டிருந்தார். எட்டு கம்ப்யூட்டர், மனசு வந்தால் குளிரும் ஒரு ஏ.சி., வாசலில் மலைபோல் செருப்பு. கீழே ஜாங்கிரி பிழிவார்கள்; மேலே இவர் 'சி' மொழியைப் பிழிவார். பெருங்களத்தூரிலோ அனகாபுத்தூரிலோ எந்த டீக்கடையில் சைக்கிளை நிறுத்தினாலும், "சி சார், வணக்கம்!" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்காக அவர் டீ குடிக்காத நாளிலும் சைக்கிளை நிறுத்துவார்.

அந்தப் பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்குத் தரவில்லை. பல்கலைக்கழகம் தந்தது கணிதத்தில் ஒரு மூன்றாம் வகுப்பு. தபால் துறை கைவிட்டது, ரயில்வே கைவிட்டது, பெண் கேட்டுப் போன இரண்டு வீடுகள் காபி கொடுத்துக் கைவிட்டன. சி மட்டும்தான் அந்த அபலையைக் கைப்பிடித்தது. நாற்பதை நெருங்கியும் பிரம்மச்சாரியான அவருக்கு வாழ்க்கைத் துணை, நீலத்திரை கம்பைலர்.

நாம் எழுதும் ப்ரோக்ராமை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். தாம்பரம் முழுக்க அன்று ஓடியது நீலத்திரையில் வரும் ஒன்றுதான். அதைக் காசு கொடுத்து வாங்கியவரை யாரும் பார்த்ததில்லை. ஃப்ளாப்பிக்கு ஃப்ளாப்பி தாவி, வைரஸ் காய்ச்சலைப் போல ஊரெல்லாம் பரவியிருந்தது.

சார் எழுதிய ப்ரோக்ராம் ஒன்று அங்கே பிரசித்தம். பெயரைக் கேட்கும், அடித்தால் அந்தப் பெயருக்கு வாழ்த்துச் சொல்லும். முதல் வேலையாகத் திரையைத் துடைத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிக்கும். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரரான தேவானந்தம், திரை துடைக்கும் அந்த வரியைப் பிள்ளையார் சுழி என்றே சொல்லிக்கொடுத்தார். வாழ்த்து முடிந்ததும் கடைசியில், "நல் பாயின்ட்டர் அசைன்மென்ட்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி தானாக வந்து நிற்கும்.

"இது இன்னா சார்?" என்று முதல் வருஷமே ஒரு மாணவன் கேட்டான்.

தேவானந்தத்துக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் கிடையாது. "வேலை முடிஞ்சிதுன்னு கம்பைலர் நன்றி வணக்கம் சொல்லுதுப்பா" என்றார். ஆறு வருஷமாகத் தாம்பரத்துப் பிள்ளைகள் அந்த வரியைப் பார்த்துப் பதிலுக்குக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில், 1997-இல், செல்வமேரி காலடி எடுத்து வைத்தார்.

மறைமலை நகரில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்துவிட்டு, காலை வகுப்பு எடுக்க வந்தவர். ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியும் கையோடு வந்தது. மூலையில் கிடந்த எட்டாம் நம்பர் மெஷினில் அதைப் போட்டார். லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் வந்தது, அதனோடு ஜி.சி.சி. என்ற கம்பைலரும் வந்தது. நீலமும் இல்லை, மெனுவும் இல்லை. கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டியது.

"விதவைக் கோலமா இருக்கே மேடம்" என்றார் தேவானந்தம்.

"அழகு பாக்கவா சார் வெச்சிருக்கோம்? இது எப்படி வேலை செய்யுதுங்கறதையே திறந்து படிக்கலாம். நாலு பேருக்குக் காப்பி போட்டுக் கொடுக்கலாம், திருட்டும் இல்ல. உங்களுது?"

திருட்டு என்ற சொல் அவர் நெஞ்சில் சூட்டுக்கோலாய் இறங்கியது. அன்று மதியம் தயிர் சாதம் தொண்டையில் இறங்கவில்லை.

சண்டை முற்றியது. காலை வகுப்பு மாணவர்கள் தேவானந்தத்தின் மாலை வகுப்பிடம் போய், "உங்க சார் கம்பைலர் தப்பைக் கண்டுக்காது" என்றார்கள். மாலை வகுப்பு, "உங்குளுது சும்மா குடுத்த ஓசி மால்" என்றது. விஷயம் முதலாளி ஜெயவேலுவின் காதுக்குப் போயிற்று. பெருங்களத்தூரில் நெல் விளைந்த நிலத்தை மனையாக்கி விற்று இந்த எட்டு மெஷினையும் வாங்கிப் போட்டவர் அவர். கம்ப்யூட்டரைத் தொடமாட்டார்; தொட்டால் கரண்ட் பில் ஏறும் என்று பயம்.

"இன்னாத்துக்கு அட்ச்சிக்கிறீங்கோ? ஆயுத பூஜைக்குப் பட்டிமன்றம் வெச்சிடலாம். யார் ஜெயிக்கிறாங்களோ அவுங்கள்துதான் எட்டு மிஷின்லயும். தோத்தவுங்க தங்கள்த மூட்ட கட்டிப் போட்டுட்டு ஜெயிச்சவுங்க சொல்றத சொல்லிக் குட்க்கணும்."

தேவானந்தம் கணக்குப் போட்டுப் பார்த்தார். தோற்றால் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து முதலிலிருந்து படிக்க வேண்டும். அப்புறம் யார் கூப்பிடுவார்கள் சி சார் என்று?

ஆயுத பூஜையன்று மானிட்டர்களுக்குச் சந்தனப் பொட்டு, கீபோர்டுகளுக்குக் குங்குமம், ஏ.சி.க்கு எலுமிச்சம்பழம். நடுவர், ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஏகநாதன். தாம்பரத்தில் மைக் இருக்கும் இடமெல்லாம் அவர் இருப்பார்.

செல்வமேரி எழுந்து, "பேசறதுக்கு முன்னால மெஷினைப் போட்டு ரெண்டையும் ஓட்டிக் காட்டிடறேன்" என்றார்.

ஜெயவேலு பதறிவிட்டார். "அய்யய்ய! சாமிக்கு வெச்சிகீதுமா. நாளைக்குத்தான் தொடணும். வாயாலயே சொல்லு."

கம்பைலர் பட்டிமன்றம் கம்பைலர் இல்லாமலே தொடங்கியது. வாயால் என்றால் தேவானந்தத்தை யார் வெல்ல முடியும்?

"நடுவர் அவர்களே! பாஸ்கல் என்றொரு மொழி உண்டு. கண்டிப்பான ஹெட்மாஸ்டர். சட்டைப் பட்டன் போடாவிட்டால் உள்ளே விடமாட்டார். சி அப்படியல்ல, கையில் கத்தியைக் கொடுத்துவிட்டு, பழம் நறுக்கினாலும் விரலை நறுக்கினாலும் உன் இஷ்டம் என்று விட்டுவிடுகிற தாய்மாமன். அந்தத் தாய்மாமனை நம் வீட்டுக்கு அழைத்து வந்தது நீலத்திரை! வேலை முடிந்ததும் நன்றி சொல்கிறதே, அந்தப் பண்பாடு எங்கே? தப்புக்கு மட்டும் வாய் திறந்து, சரியாகச் செய்தால் ஊமையாகிவிடும் இந்த ஜி.சி.சி. எங்கே?"

மாலை வகுப்பு விசிலடித்தது. செல்வமேரி, "லினக்ஸே சி-ல எழுதினதுதான், எதிர்காலம் இதுலதான்" என்று சொன்னதை ஸ்வீட் ஸ்டால் மாஸ்டர் உட்பட யாரும் காதில் வாங்கவில்லை. ஏகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "நன்றி மறவாத கம்பைலரே சிறந்தது" என்று பச்சைக் கொடி காட்டினார். ஜெயவேலு வாங்கி வைத்திருந்த ஷீல்டு தேவானந்தத்தின் கைக்கு வந்தது.

மறுநாள் விஜயதசமி. ஜெயவேலு பட்டு வேட்டியில் வந்தார். அவருடைய மகள் ஜெயக்கொடி நிறைமாதம். வாழ்த்துச் சொல்லும் ப்ரோக்ராமை எட்டு மெஷினிலும் ஓட்டி, மகள் பெயரைத் தன் கையாலேயே அடிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. எட்டாம் மெஷினில் லினக்ஸை அழிப்பது அதற்குப் பிறகுதான்.

"பிள்ளையார் சுழியை எடுத்தாத்தான் சார் இதுல ஓடும்" என்றார் செல்வமேரி. முகம் வாடியிருந்தது. "அது உங்க கம்பைலருக்கு மட்டும் தெரிஞ்ச வரி. அப்புறம், ப்ரோக்ராம் ஆரம்பத்துல வாய்ட் மெயின்னு எழுதியிருக்கீங்களே, அதுவும் தப்புன்னு எச்சரிக்குது."

"எச்சரிக்கட்டும். வரியை எடுங்க" என்றார் வெற்றி வீரர்.

ஜெயவேலு ஒற்றை விரலால் மகளின் பெயரை அடித்துக்கொண்டே வந்தார். ஏழு மெஷினிலும் ஜெயக்கொடிக்கு வாழ்த்து, ஏழிலும் கடைசியில் நன்றி வணக்கம். எட்டாவதில் பெயரை அடித்து என்டரைத் தட்டினார். வாழ்த்து வரவில்லை. "செக்மென்டேஷன் ஃபால்ட்" என்று சொல்லிவிட்டு ப்ரோக்ராம் செத்தது.



"இன்னாபா இது?" ஜெயவேலு விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "எம்பொண்ணு பேர அட்ச்சா செத்துப்பூடுச்சே! நல்ல நாளும் அதுவுமா! தூக்கி வெளிய போடுங்கடா அந்த சனியன! யம்மா, நீயும் கெளம்பு!"

செல்வமேரி பையை எடுத்தார். தேவானந்தத்துக்கு ஜில்லென்று இருந்தது. ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும். சாம்ராஜ்யம் நிலைக்கும்.

ஆனால் பாழும் கண், திரையிலிருந்த தன் ப்ரோக்ராமின் மேல் போய் விழுந்தது. பெயரை வாங்கு என்று எழுதியிருந்தார். வாங்கிய பெயரை வைக்க எங்கேயும் இடம் ஒதுக்கவில்லை. ஆறு வருஷமாக ஒதுக்கவில்லை. அந்த நன்றி வணக்கத்தின் அர்த்தம் அவருக்கு அப்போதுதான் விளங்கியது. நன்றியும் இல்லை, வணக்கமும் இல்லை. போகாத இடத்துக்குப் போயிருக்கிறாய் என்று அது தினமும் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறது. அவர் அதன் அழுகைக்குக் கும்பிடு போடச் சொல்லியிருக்கிறார்.

மிகவும் மெதுவாக, "அண்ணா, மெஷின் மேல தப்பில்ல. தப்பு என்னுது" என்றார்.

"இன்னாது?"

"பேரை வெக்க இடமே ஒதுக்கலண்ணா. கண்ட இடத்துல வெச்சிட்டேன்."

மனை விற்ற மனிதருக்கு அது சட்டென்று பிடிபட்டது. "பொறம்போக்கா!"

"ஆமாண்ணா."

"அப்ப நீல மிஷினு, பொறம்போக்குல வூடு கட்ட வுட்டுட்டு, கடசீல ஒரு நோட்டீஸ ஒட்டிகினு போயிருக்கான். நீ அந்த நோட்டீஸத்தான் நன்றின்னு சொல்லிகினு இருந்தியா?"

மாலை வகுப்பு முழுதும் அவரையே பார்த்தது. தேவானந்தம் தலையாட்டினார். ஷீல்டு, மேஜை மேல் வெட்கமில்லாமல் மின்னியது.

"இவன் நேரா புல்டோஸரா!" ஜெயவேலு எட்டாம் மெஷினை மரியாதையோடு பார்த்தார். "கறாரான ஆளு. இவன் இருக்கட்டும். யம்மா, பைய வை. பொண்ணுக்கு மொதல்ல ஒரு பட்டா போடுங்கபா."

தேவானந்தமே உட்கார்ந்தார். பெயருக்கு முப்பது எழுத்து அளவுக்கு இடம் ஒதுக்கினார். ஓட்டினார். கறுப்புத் திரையில் ஜெயக்கொடிக்கு வாழ்த்து வந்தது. மற்ற ஏழிலும் அதையே மாற்றினார். ஏழிலும் அந்தக் கடைசி வரி காணாமல் போயிற்று.

"சார், முடிஞ்சிச்சா இல்லியா? நன்றி வணக்கம் வர்லியே?" என்றது மாலை வகுப்பிலிருந்து ஒரு குரல்.

"இனிமே வராதுப்பா." தேவானந்தம் எழுந்தார். "நாமதான் சொல்லணும்." திரும்பினார். "செல்வமேரி மேடம், நன்றி."

"அது இருக்கட்டும் சி சார்" என்றார் செல்வமேரி, பையை ஆணியில் மாட்டிக்கொண்டே. "அந்த வாய்ட் மெயினை எப்ப மாத்தப் போறீங்க?"