வெடிக்காத குண்டுக்கு முப்பது எண்ணணும்

இன்று ஏற்காடு ஏரிக்கரையில் பலூன் சுடும் கடை. விசையை இழுத்தேன், சத்தமே வரவில்லை. துப்பாக்கியை இறக்காமல் பலூனைப் பார்த்தபடியே அசையாமல் நின்றேன்.

கடைக்கார அக்கா சிரித்துவிட்டார். "ஏனுங்க, வேண்டுதலுங்களா? துப்பாக்கிக்குக் காத்து ஏத்தாம நாந்தான் குடுத்துட்டேனுங்க."

பழக்கதோஷம். சேலத்து கிளப்பில் நான் பயிற்சி எடுப்பது பாயின்ட் டூ டூ பிஸ்டலில். கட்டுப்படியாக வேண்டுமே என்று மலிவான குண்டாகத்தான் வாங்குவோம். அதன் அடி விளிம்பில் வெடிமருந்து சரியாகப் பரவவில்லை என்றால் துப்பாக்கியின் ஊசி தட்டியும் வெடிக்காது. சில சமயம் தாமதமாக வெடித்துத் தொலைக்கும். அதனால் முப்பது எண்ணும்வரை குழல் இலக்கைவிட்டு நகரக்கூடாது.

இதைச் சொன்னேன். அக்கா துப்பாக்கியை வாங்கிக் காற்று ஏற்றினார்.

"அப்ப வெடிச்சதவிட வெடிக்காததுக்குத்தான் நொம்ப பயப்படோணுமுங்க."

திரும்பிப் பார்த்தேன். வரும் வழியில், மலை அடிவாரத்தில் நான் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசிவிட்டிருந்தேன். அதிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவையும் வாயே திறக்காமல் ஓட்டிவந்த என் கணவர், காருக்குப் பக்கத்தில் அமைதியாகச் சோளம் தின்றுகொண்டிருந்தார்.

முப்பது எண்ணி முடித்துவிட்டேன். கிட்டே போகலாமா, இன்னொரு முப்பது எண்ணட்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.