குங்குமம் காட்டிய கீறல்

காளிகாட் வீட்டு பால்கனியில் ஒரு துளசித் தொட்டி வைக்கலாமா என்று நான் கேட்டபோது இடமில்லை என்றவர் என் கணவர். அதே பால்கனியில் ஒரு நாள் கூலியாட்களை வைத்து இரண்டு கார் எஞ்சின் பிளாக்குகளை, வெறும் இரும்புக் கூடுகளை, தூக்கிவந்து இறக்கினார். இதற்கு மட்டும் எங்கிருந்து இடம் வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டும் பிரயோஜனம் இருந்திருக்காது.

மெட்ரோவுக்காகத் தெருவெல்லாம் தோண்டிப் போட்டிருந்த வருடங்கள் அவை. இவர் வாரம் முழுக்க டை கட்டிய ஆபீசர். ஞாயிற்றுக்கிழமையானால் முழங்கை வரை கிரீஸ். குளிர்காலத்தில் ஊருக்கு வெளியே ஒரு பழைய விமானத் தளத்தில் கார் பந்தயம் நடக்கும். முந்தின வருடம் அதில் என் தம்பி இவரை முந்திவிட்டான். கரியாஹாட்டில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்த பையன், அத்திம்பேரை முந்தியதற்கு அவனே வெட்கப்பட்டான். இவர் சிரித்துக்கொண்டே கை குலுக்கினார். அந்தச் சிரிப்பை நான் நம்பினேன். அவ்வளவு அசடாக இருந்திருக்கிறேன்.

அடுத்த பந்தயத்துக்கு இருவரும் ஸ்ட்ரோக்கர் எஞ்சின் கட்டுவது என்று முடிவாயிற்று. கிராங்க்கை மாற்றி பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தைக் கூட்டி, சிலிண்டர் துளையையும் கொஞ்சம் அகலமாகக் கடைய வேண்டும். வேகம் கூடும், எஞ்சின் வாங்குகிற அடியும் கூடும். அதற்குப் பழைய பிளாக்தான் சரி என்பது இவர் கட்சி.

"புதுசுல இரும்பை மிச்சம் பிடிச்சுட்டான். பழசுல சுவர் தடிமன், கடைஞ்சாலும் தாங்கும்" என்று சாப்பாட்டின் நடுவே தட்டைத் தட்டிக் காட்டுவார்.

தம்பிக்கு ஓட்டத் தெரியும், இரும்பு பார்க்கத் தெரியாது. "எனக்கும் சேர்த்து நீங்களே பார்த்து எடுத்துடுங்கோ அத்திம்பேர்" என்று விட்டுவிட்டான். இவரும் பழைய சாமான் சந்தையில் இரண்டு சனிக்கிழமை அலைந்து இந்த இரண்டையும் கொண்டுவந்தார். துணி உலர்த்தப் போனால் புடவையில் கறை. வீடு முழுக்கப் பழைய எண்ணெயின் வாடை. காபியில்கூட அந்த வாடைதான் அடித்தது.

அந்த வாரமே ஆயுத பூஜை வந்தது. கீழே தெருப் பூஜைப் பந்தலில் டாக் மேளம் அதிர, நான் அரிவாள்மணைக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வைத்துவிட்டு பால்கனிக்குப் போனேன். என்னதான் எரிச்சல் இருந்தாலும் ஆயுதம் ஆயுதம்தானே. துரு பிடிக்காமல் இருக்க பிளாக்குகளுக்கு எண்ணெய் பூசி வைத்திருந்ததால் சந்தனம் ஒட்டாமல் வழுக்கியது. சரிதான் போ என்று குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டின் தலையிலும் தாராளமாக அப்பினேன். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது, தொடவில்லை.

விஜயதசமி காலையில் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். ஒன்று பளிச்சென்று ஆகிவிட்டது. இன்னொன்றில் இரண்டாவது சிலிண்டர் துளைக்கும், பக்கத்தில் எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓடும் ஓட்டைக்கும் நடுவே தலைமயிர் கனத்தில் ஒரு சிவப்புக் கோடு நின்றது. அழுத்தித் துடைத்தும் போகவில்லை. குங்குமம் உள்ளே இறங்கியிருந்தது.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரியும். சந்தையிலேயே பார்த்தேன்."

"விரிசல்னு தெரிஞ்சுமா வாங்கினேள்?"

"இது என்னோடது இல்லை. உன் தம்பிக்கு."

பேப்பரை மடித்து வைத்தார். "ஒரு வருஷம் தாங்கினாலும் தாங்கும். போனா போகட்டும், கத்துப்பான். ஜெயிச்சுண்டே இருந்தா எப்படி?"

சோற்றில் மயிரைக் கண்டது போல எனக்கு அருவருத்தது. மாதம் தவறாமல் சத்சங்கத்துக்குப் போய் முன்வரிசையில் உட்காருகிற மனுஷர். பெட்ரோலில் நனைத்த துணியால் கோட்டைத் தேய்த்து, இரும்புப் பசையை அடைத்து, உப்புத்தாளால் இழைத்து, அதன்மேல் சாம்பல் பெயின்ட் பூசினார். விசிலடித்துக்கொண்டே செய்தார்.

சாயங்காலம் தம்பி நமஸ்காரம் பண்ண வந்தான். தசமியன்று பெரியவர்கள் காலைத் தொடும் வங்காளிப் பழக்கம் எங்கள் வீட்டிலும் எப்போதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் இவர் காலைத் தொட்டான். இவர் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணி, வாயில் ஒரு சந்தேஷ் இனிப்பு ஊட்டி, பால்கனிக்கு அழைத்துப் போய் அந்தச் சாம்பல் பிளாக்கைக் காட்டினார்.

"எனக்குப் பெயின்ட்கூட அடிச்சு வெச்சிருக்கேளே" என்று தம்பி நெகிழ்ந்துபோனான்.

நான் வாயைத் திறந்தேன்.

"அவனுக்குக் காபி கொண்டு வாயேன்" என்றார் இவர், என்னைப் பார்க்காமல்.

நான் காபி போடப் போனேன். கட்டினவரைத் தம்பி எதிரில் எப்படிக் காட்டிக்கொடுப்பது என்று அடுப்படியில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒருவேளை தாங்கிவிடும் என்றும் சொல்லிக்கொண்டேன். பால் பொங்குவதற்குள் இரண்டையும் நம்பிவிட்டேன்.

பந்தயத்தில் மூன்றாவது சுற்றிலேயே தம்பியின் வண்டி வெள்ளையாகப் புகை கக்கி ஓரமாக நின்றது. எஞ்சின் கட்டப் போட்ட ஒரு வருடத்துச் சம்பாத்தியமும் இரண்டு மூன்று மாதச் சாயங்காலங்களும் போயின. இவராவது ஜெயித்தாரா என்றால் அதுவும் இல்லை, நாலாவதாக வந்தார். ஆனால் தம்பிக்கு முன்னால் வந்தாராம், அதில் பரம திருப்தி.

மறுநாள் தம்பி வீட்டுக்கு வந்தான். உட்காரக்கூட இல்லை.

"தண்ணி எண்ணெயில கலந்துடுத்து அத்திம்பேர். திறந்து பார்த்தா காபி மாதிரி இருக்கு. நான்தான் ஜாஸ்தி கடைஞ்சுட்டேன் போலிருக்கு. நீங்க அவ்வளவு அலைஞ்சு தேடிக் கொடுத்த பிளாக்கைப் பாழாக்கிட்டேன். மன்னிச்சுடுங்கோ."

"போறது விடு. அடுத்த தடவை கவனமா இரு" என்றார் இவர். மன்னித்துவிட்டார்.

நான் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். தம்பி என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, நீயும் என்னை மன்னிச்சுடு. பூஜையில வெச்சுக் குடுத்த பிளாக்."

இவர்மேல் எனக்கு வந்த அருவருப்புக்கு ஒரு பெயர் உண்டு, இந்த வயதில் சொல்லியும் விடுவேன். அன்று நான் தம்பியிடம் சொன்னதைத்தான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. "பரவாயில்லைடா" என்றேன்.