மூன்று மணி நேரத்தில் அடைத்த கசிவு

இரும்புக் கம்பியின் ஒரு முனையைச் சாலையில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு, லிங்கராஜபுரத்துத் தெருவொன்றில் எங்கள் வால்வுமேன் குனிந்து நின்ற காட்சிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. தொண்ணூறுகளின் கடைசி. குடிநீர்ப் பிரிவில் நான் இளநிலைப் பொறியாளர். மண்ணுக்கடியில் கசியும் தண்ணீரின் ஓசையை அவர் அப்படித்தான் கேட்பார். பிறகு ஆள் தேடி, பள்ளம் தோண்டி, குழாயை முழுதாகத் திறந்து பார்த்து மூடுவதற்குள் நான்கு நாள் ஓடிவிடும். தெருக்காரர்கள் தொலைபேசியில் என்னைத் திட்டுவார்கள். நான் அவரைத் திட்டுவேன். “ஸ்வல்பம் லேட்டாவும் மேடம். பக்கத்துலயே மோரி போவுது. பாக்காம மூடக்கூடாது” என்பார். சாக்கடையை அவர் மோரி என்றுதான் சொல்வார்.

பழுது பார்க்கும் வேலை தனியார் ஒப்பந்தத்துக்குப் போனதும், அவரை அலுவலகத்தில் தபால் பிரிக்க உட்காரவைத்தார்கள். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் காலையில் வந்த புகாரை மதியத்துக்குள் முடித்தார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாக இருந்தது. ‘பணி முடிந்தது’ என்ற சான்றில், இடத்துக்குப் போகாமலே கையெழுத்திடப் பழகிக்கொண்டேன்.

ஒருநாள் அவர் என் மேசைக்கு வந்தார். அதே தெருவில் மூன்று மணி நேரத்தில் அடைத்த ஒரு கசிவைப் பற்றிக் கேட்டார். “மோரியத் தொறந்து பாத்தாங்களா மேடம்?”

“தண்ணி நின்னுடுச்சு இல்ல, விடுங்க” என்றேன்.

மழைக்காலத்தில் அங்கே மஞ்சள் காமாலை வந்தது. முதலில் ஒரு வீடு, பிறகு வரிசையாக. தண்ணீரோ தெளிவாகவே வந்துகொண்டிருந்தது, யாரும் சந்தேகப்படவில்லை. மூலைவீட்டுப் பள்ளி ஆசிரியை ஏழு மாதக் கர்ப்பிணி. புகார் சொல்லும்போதும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பேசுபவர். அவர் மருத்துவமனையிலிருந்து திரும்பவில்லை.

அதன்பிறகுதான் வால்வுமேனை மறுபடி அனுப்பினார்கள். நானும் போய்ப் பள்ளத்தின் விளிம்பில் நின்றேன். குழாயின் இணைப்பு சாக்கடைக்குள்ளேயே மூழ்கிக் கிடந்தது. சைக்கிள் ட்யூபைக் கிழித்துச் சுற்றியிருந்தார்கள். தண்ணீர் விடாத நேரங்களில் குழாய் சாக்கடையை உறிஞ்சியிருக்கிறது.

கத்துவார் என்று காத்திருந்தேன். சேறு படிந்த கையோடு நிமிர்ந்து, தணிந்த குரலில், “இந்த மாதிரி இன்னும் எத்தனை எடத்துக்கு மேடம் கையெழுத்து போட்டிருக்கீங்க?” என்றார்.

பதிவேட்டில் தேதியும் நேரமும் துல்லியமாக இருந்தன. எங்கே தோண்டினார்கள் என்பது மட்டும் இல்லை. இப்படிச் சுற்றி மூடிய இணைப்புகளில், அவர் ஓய்வு பெறுவதற்குள் நாங்கள் இருவரும் தேடிக் கண்டுபிடித்தவை சில. இப்போது அந்தத் தெருக்களில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன, சாலைக்கும் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். மீதி அடியில்தான் இருக்கின்றன.