முன்னாலை போற மனிசன்

என்ரை மனிசனுக்கு நெஞ்சிலை ஒப்பரேசன் செய்து மூண்டு மாதம். ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடக்கவேணும் எண்டு டொக்டர் சொல்லி விட்டவர். இவர் வீட்டுக் கேற்றைத் தாண்டினாத்தானே! விடியக் காலமை எழும்பி வெங்காயத்துக்குத் தண்ணி கட்டின மனிசன், இப்ப நாள் முழுக்க விறாந்தைக் கதிரையிலை. நான் அடுப்படியிலை நிண்டு கத்துவன், "போய் நடவுங்கோ, உப்பிடியே இருந்தா உடம்பு என்னத்துக்காகும்?" எண்டு. "நாளைக்குப் பாப்பம்" எண்டுவார். சரியான பஞ்சி, சோம்பல் எண்டுதான் நான் நினைச்சன். பக்கத்து வீட்டு ஆக்களிட்டையும் அப்பிடித்தான் சொல்லித் திரிஞ்சன்.

எங்கடை உரும்பிராயிலை ஒருத்தர் வேலையில்லாமல் றோட்டிலை நடந்தா, வாற போற எல்லாருக்கும் விளக்கம் சொல்லவேணும். அப்பா அதுக்குத்தான் வெட்கப்படுறார் எண்டாள் மகள். அவளே போனிலை தேடி ஒரு இடமும் கண்டுபிடிச்சாள். காரைநகர்க் கடற்கரை, மட்டமான மணல், கடலும் ஆழமில்லை, சின்னப் பிள்ளையளோடையும் நடக்கலாமாம், எங்களைத் தெரிஞ்ச சனமும் இராது.

"கண்டறியாத நடை! நடக்கிறதுக்கு ஓட்டோ பிடிச்சுப் போறதோ?" எண்டு துள்ளினன். எண்டாலும் ஞாயிற்றுக்கிழமை விடிய இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டம்.

பொன்னாலைப் பாலத்தாலை போகேக்கை ரெண்டு பக்கமும் கடல். இவர் எட்டிப் பாத்திட்டு, "இவ்வளவு தண்ணி கிடந்தும் ஒரு பாத்தி வெங்காயத்துக்கு உதவாது" எண்டார். கன நாளைக்குப் பிறகு அவர் விட்ட முதல் பகிடி அது.

கரையிலை வெயில் இன்னும் ஏறேல்லை. சவுக்கு மரங்களுக்குக் கீழை ரெண்டு மூண்டு குடும்பங்கள், தண்ணிக்குள்ளை பிள்ளையள். மகள் சப்பாத்தைக் கழட்டிப்போட்டுக் கடலுக்குள்ளை இறங்கியிட்டாள். நாங்கள் ஈரமணலாலை நடந்தம். கலியாணம் கட்டின நாளிலையிருந்து அவர் முன்னாலை, நான் நாலு எட்டுப் பின்னாலை. கோயிலுக்கும் அப்பிடித்தான், சந்தைக்கும் அப்பிடித்தான்.

ஆனா அண்டைக்குப் பத்து எட்டுக்கு ஒருக்கால் நிண்டு திரும்பிப் பாத்தார். எனக்குக் கோபம் ஏறிச்சுது.

"என்னை என்னத்துக்குப் பாக்கிறியள்? ஒருத்தரும் தூக்கிக்கொண்டு போகாயினம். முன்னுக்குப் பாத்து நடவுங்கோ!"

கொஞ்சத் தூரத்திலை என்ரை செருப்பு வார் கழண்டிட்டுது. குனிஞ்சு அதைக் கொழுவிறதுக்கிடையிலை, பெரிய குடும்பமொண்டு எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவாலை போச்சுது. அவையள் விலக நிமிந்து பாக்கிறன், இவர் மணலிலை இருக்கிறார். முகம் வெளிறிப்போய்க் கிடக்கு. ஐயோ கடவுளே! செருப்பை விட்டிட்டு ஓடினன்.

"நெஞ்சு நோகுதோ?"

"இல்லை. திரும்பிப் பாத்தன், உன்னைக் காணேல்லை."

"அதுக்கு?"

மணலைப் பாத்துக்கொண்டு சொன்னார்: "வீட்டிலை இருந்தா நீ அடுப்படியிலை கத்துறது கேக்கும். ஏதும் நடந்தா உடனை ஓடி வருவாய். றோட்டிலை விழுந்தா? ஆரும் வந்து உனக்குச் சொல்லி, நீ வாறதுக்கிடையிலை என்ரை கதை முடிஞ்சிடும். உன்னைக் காணாமல் போய்ச் சேருறதுக்குத்தான் எனக்குப் பயம்."

விசர்க்கதை கதையாதேங்கோ எண்டு ஏச வாயைத் துறந்தன். அழுகைதான் வந்தது. மூண்டு மாதமா அவரைப் போ, போ எண்டு கலைச்சனே தவிர, ஒரு நாளாவது வாங்கோ எண்டு கூப்பிட்டனானோ? என்னிலையே எனக்குக் கோபம் வந்தது.

கை குடுத்து எழுப்பினன். மரங்கள் முடியிற இடம் மட்டும் பக்கத்திலை பக்கத்திலை நடந்தம். அவர் ஒருக்காலும் திரும்பிப் பாக்கேல்லை.

அடுத்த நாள் விடிய, அடுப்பு மூட்டமுந்தி நான் செருப்பைப் போட்டன். "வாங்கோ" எண்டன். கேற்றைத் தாண்டினதும் அவர் பழக்கத்திலை முன்னாலை போகப் பாத்தார். கையிலை பிடிச்சு நிப்பாட்டினன். சந்தியிலை நிண்ட சனமெல்லாம் எங்களைத்தான் பாத்தது. பாக்கட்டும்.