வழிகாட்டக் கூடாத கேள்வி

ஹைமாவதி தாவரவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள். ஆகவே, இயற்கையின் நியதிப்படி, ஹைதராபாத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாம் தளத்தில் அமர்ந்து, அமெரிக்க நோயாளிகளின் பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறுகளுக்குக் குறியீட்டு எண் இட்டுவந்தாள். இத்தனை ஆண்டுகளில் ஒரு நோயாளியைக்கூட நேரில் கண்டதில்லை. அத்தொழிலில் அது தகுதியாகவே கருதப்பட்டது.

அங்கே வேதம் ஒன்றே: மருத்துவர் எழுதாத நோய் இல்லாத நோய். மோவாய் நீண்டு, விரல்கள் தடித்து, வளர்ச்சி ஹார்மோன் எக்கச்சக்கமாக ஏறியிருந்தாலும், மருத்துவர் 'அக்ரோமெகலி' என்று எழுதும்வரை, எண் இடும் கோடர் ஊகிக்கக் கூடாது. ஐயமிருந்தால் அவருக்குக் கேள்வி அனுப்பலாம். அதிலும் அவரை விடையை நோக்கித் தள்ளும் சொல் ஒன்றும் இருக்கலாகாது. இந்த வேதத்தின் காவலர் அணித்தலைவர் யாதகிரி.

சிக்கல் அந்த யாதகிரியின் முகத்திலேயே வந்து அமர்ந்தது. மோவாய் முன்னே வந்தது. கீழ்ப்பற்களுக்கிடையே சந்து விழுந்தது. மோதிரத்தைத் தட்டானிடம் வெட்டித்தான் எடுத்தார். செருப்பின் அளவு இரண்டு எண் ஏறியது. பதவி உயர்வுக்குப் பிந்திய பிரியாணியே காரணம் என்று அலுவலகம் வகைப்படுத்திக் கோப்பை மூடியது. ஹைமாவதியும் வாய் திறக்கவில்லை, ஆவணம் இல்லையே. ஆனால் அவர் கதவுச் சட்டத்தில் அடிக்கடி தோளை இடித்துக்கொள்ளத் தொடங்கியதை அவள் எண்ணத் தொடங்கினாள். இந்த நோய்க்குக் காரணமான பிட்யூட்டரிக் கட்டி வளர்ந்து பார்வை நரம்பை அழுத்தினால் முதலில் போவது பக்கப் பார்வை. போனது திரும்பும் என்று உறுதி சொல்வதற்கில்லை.

மதிய உணவின்போது துணிந்தாள்.

"அண்ணா, உங்களுக்குப் பிட்யூட்டரியில கட்டி இருக்குமோன்னு..."

"என்ன ஹைமா, விடையைக் கொண்டாந்து வாயில ஊட்டுற? ட்ரெயினிங்ல தூங்கினியா?"

"இது ஆபீஸ் விஷயமில்ல அண்ணா."

"வழிகாட்டுற கேள்வி எங்க கேட்டாலும் தப்புதாம்மா. அந்தக் கோங்கூராப் பச்சடியை இப்படித் தள்ளு."

வேறு வழியின்றி அவருக்கே முறைப்படி கேள்வி அனுப்பினாள். மோவாய், பல், மோதிரம், செருப்பு, கதவு ஆகிய அறிகுறிகளைக் குறித்து, பொருந்துவதைத் தேரும்படி கோரினாள்: அக்ரோமெகலி, உடற்பருமன், வேறு, தீர்மானிக்க இயலவில்லை.

"கதவுல இடிச்சது எந்தத் தோள்னு எழுதலையே. அரை மார்க் போச்சு," என்றார் யாதகிரி. பிறகு, மிகுந்த நேர்மையோடு, கடைசி விடையைத் தேர்ந்தார். தேர்ந்த கையோடு முகம் சுண்டியது. அந்த விடை வந்தால் பரிசோதனை முடிவு இல்லாமல் கோப்பை மூடக் கூடாது என்பது அவரே போட்ட விதி.

"இதுக்கு ஆதாரம் வேணுமே..."

"வேணும் அண்ணா. சனிக்கிழமைக்கு டாக்டர்கிட்ட டோக்கன் போட்டுட்டேன்."

சனிக்கிழமை அவர் நாற்காலியில் உட்காருவதற்குள்ளேயே மருத்துவர், 'அக்ரோமெகலியாக இருக்கலாம்' என்று எழுதிவிட்டார். யாதகிரி எட்டிப் பார்த்தார்.

"டாக்டர் காரு, புறநோயாளிக்கு 'இருக்கலாம்'னு எழுதினா கோடிங்ல செல்லாது."

"ரத்தம் குடுத்து, ஸ்கேன் எடுத்துட்டு வாங்க. செல்லும்படியா எழுதித் தரேன்."

எழுதித் தந்தார். கட்டியின் அளவு, இடம், நரம்பில் அழுத்தம், இப்போதே எடுத்தால் பார்வை மீள வாய்ப்பு என எதுவும் விடுபடவில்லை. யாதகிரி திரும்பத் திரும்பப் படித்தார். வாழ்நாள் முழுவதும் அவர் கேட்டு ஏங்கிய குறையற்ற ஆவணம்.

"டாக்டருக்கு ஏதாவது கேள்வி அனுப்பலாமா ஹைமா?" என்றார், தாளைக் கீழே வைக்காமல்.

"இதுல சந்தேகமே இல்ல அண்ணா. ஆபரேஷன் என்னைக்குன்னு மட்டும் கேளுங்க."