மாதேஸ்வரி வாங்கிய ஃபேன் இல்லாத பெட்டி

ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால், கீழே கிரைண்டிங் ஷெட்டும் மேலே வீடுமாகக் கட்டிக் குடியிருப்பவர்களிடம் தூசியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கதவைச் சாத்துங்கள், திரை போடுங்கள், தலைகீழாக நின்று தண்ணீர் குடியுங்கள்; சாயங்காலம் மேசையை விரலால் தடவினால் விரல் கறுப்பாகத்தான் வரும். மாதேஸ்வரி இதைச் சண்டைக்கு இழுப்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. கீழே ஷெட் நடத்துவது அவளுடைய வீட்டுக்காரர் திம்மப்பன். ஷெட் ஓடினால்தான் அடுப்பு எரியும் என்று இருந்த காலமும் உண்டு. இப்போது அடுப்பில் பாதி மாதேஸ்வரியின் பங்கு.

அவள் பிறந்தது மலைமேல் இருக்கும் நாட்றாம்பாளையம். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு மலை இறங்கியவள், பன்னிரண்டு வருஷம் ஒரு பெரிய தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பார்த்தாள். மூன்று ஷிப்ட். பாத்ரூம் போவதென்றால்கூட மாற்று ஆள் வந்து நிற்க வேண்டும். அந்த ஆள் வராமல் இரண்டு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற நாள் ஒன்று உண்டு. அன்றைக்கே மனசுக்குள் சொல்லிக்கொண்டாள், எவன் அனுமதியும் கேட்காத வேலை ஒன்றைப் பிடிக்காமல் விடுவதில்லை என்று. சும்மா சொல்லக்கூடாது, பிடித்தும் விட்டாள். காவேரிப்பட்டினம் பக்கத்து மாங்கூழ்த் தொழிற்சாலை ஒன்றின் கண்ட்ரோல் பேனல்களை வீட்டிலிருந்தே கவனிக்கும் ஒப்பந்தம். அங்கே ஏதாவது நின்றால், இவள் மாடியில் லேப்டாப்பைத் திறந்து, என்ன கோளாறு என்று பார்த்து, ஓட வைத்துவிடுவாள். நாலு மாங்காய் சீசன் இப்படியே போனது.

ஐந்தாவது சீசன் தொடக்கத்தில் வந்தது வினை. தொழிற்சாலையின் நெட்வொர்க் பொறுப்பு ஹரீஷ்குமார் என்ற ஒரு பெங்களூர்ப் பையனுக்குப் போயிருந்தது. அவன் போனில் சொன்னான்:

"மேடம், உங்க வீட்டு லைன்ல வாடகைக்காரங்க இருக்காங்க, கேமரா இருக்கு, டிவி இருக்கு. அதே லைன்ல எங்க பிளான்ட்டுக்கு வர்றீங்க. இனிமே ஆகாது. தனி ஃபயர்வால் வேணும். நானே நேர்ல வந்து டெஸ்ட் பண்ணுவன். பாஸ் ஆகலைன்னா பெங்களூர்ல ஒரு ஏஜென்சி இருக்கு, அவங்ககிட்ட குடுத்துடுவோம். கொட்டேஷன்கூட வந்துடுச்சி."

"எப்ப வருவீங்க?"

"பதினஞ்சு நாள்."

"வாங்க," என்றாள் மாதேஸ்வரி, ஏதோ விருந்துக்கு அழைப்பதுபோல. போனை வைத்தபிறகுதான் கணக்குப் போட்டாள். இந்த ஒப்பந்தம் போனால் மறுபடி ஷிப்ட். நாற்பத்தொரு வயசில் மறுபடி மாற்று ஆளுக்காகக் காத்து நிற்பது. செத்தாலும் முடியாது.

ஃபயர்வால் என்றால் ஒன்றும் பெரிய பூதமில்லை. தெருவிலிருந்து வரும் இணையக் கம்பிக்கும் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, யாரை உள்ளே விடலாம், யாரைத் துரத்தலாம் என்று பார்க்கிற ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதற்கான மென்பொருள் சும்மாவே கிடைக்கிறது. பெட்டிதான் வாங்க வேண்டும். எந்தப் பெட்டி என்பதில்தான் ஆளாளுக்கு ஒரு புத்தி சொல்வார்கள்.

பாகலூர் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சந்தோஷ், பழைய டெஸ்க்டாப் ஒன்றைத் தூக்கி மேசைமேல் வைத்தான். "இதுல இன்னொரு நெட்வொர்க் கார்டு சொருகிக் குடுத்துடறன்க்கா. கல்லு மாதிரி ஓடும்."

மாதேஸ்வரி அதன் பக்கவாட்டு மூடியைக் கழற்றச் சொன்னாள். உள்ளே இருந்த மூன்று ஃபேன்களையும் விரலால் சுற்றிப் பார்த்தாள். "தம்பி, எங்க வீட்டுக் காத்துல என்னா இருக்குன்னு தெரியுமா? இரும்புப் பொடி. இது மூணும் அதை உள்ள இழுத்து போர்டு மேல பூசும். மூணு மாசத்துல ஒண்ணு நிக்கும். பன்னண்டு வருசம் பேனல் தொறந்தவ நான், மொதல்ல சாவறது எப்பவும் ஃபேன்தான். ஃபேன் இல்லாதது காட்டு."

"ஃபேன் இல்லன்னா வெந்துபோயிடும்க்கா."

"அதெல்லாம் நான் பாத்துக்கறன். நீ காட்டு."

இருப்பதில் நாலைக் காட்டினான். அவள் கேட்ட கேள்விகளில் சந்தோஷுக்கு வியர்த்துவிட்டது. நெட்வொர்க் துளை நாலும் போர்டிலேயே இருக்கிறதா, இல்லை யு.எஸ்.பி.யில் ஒட்டவைத்ததா? ரகசியக் குறியீடு போடுகிற வேலையை பிராசஸரே செய்யுமா, இல்லை திணறுமா? கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டரில் எத்தனை மணி நேரம் தாங்கும்? பதில் தெரியாத கேள்விகளுக்கு அவன் போனில் யாரையோ கேட்டுக் கேட்டுச் சொன்னான். கடைசியில் அவள் கைகாட்டியது டிபன் டப்பா அளவுக்கு ஒரு கறுப்பு அலுமினியப் பெட்டி. மேலெல்லாம் வரிவரியாக வரம்பு எடுத்திருந்தது. உள்ளே சுற்றுகிற சாமான் ஒன்றுகூட இல்லை. சூடு முழுவதும் அந்த வரம்புகள் வழியாகவே காற்றில் இறங்கிவிடும்.

"இதைப் போயி ஒருத்தர் கம்ப்யூட்டர்னு வாங்குவாங்களா?" என்றார் திம்மப்பன், பெட்டியைக் கையில் எடை பார்த்தபடி. "சத்தமே வரலியே?"

"சத்தம் வேணும்னா கீழ போங்க," என்றாள் அவள்.

இரண்டே நாளில் மென்பொருளை ஏற்றி, வீட்டைக் கூறுபோட்டாள். ஒரு துளையில் தெருக்கம்பி. ஒன்றில் அவளுடைய லேப்டாப் மட்டும். ஒன்றில் வீடும் மாடிப் போர்ஷனில் இருக்கும் வாடகைப் பையன்களும். கடைசியில் கேமராக்கள், அதுகள் வெளியே எட்டிப் பார்க்கவே கூடாது. எல்லாம் கச்சிதம். இங்கேதான் மகராசி ஒரு காரியம் செய்தாள் பாருங்கள்!

பன்னிரண்டு வருஷப் பழக்கம் சும்மா விடுமா? தூசி இருக்கிற இடத்தில் ஒரு மின்சாமானை மாட்டினால், பேனல் ஆட்களின் கை தானாகவே என்ன செய்யும்? ரப்பர் கேஸ்கெட் வைத்த இரும்புப் பெட்டிக்குள் அதை வைக்கும். கம்பி நுழையும் ஓட்டைகளைக் கிளாண்ட் போட்டு இறுக்கும். கதவைப் பூட்டும். மாதேஸ்வரியும் அப்படியே செய்தாள். காற்றில் சூட்டை இறக்கவென்றே செய்த பெட்டியை, காற்றே புகாத இன்னொரு பெட்டிக்குள் அடைத்துச் சாவியையும் இடுப்பில் சொருகிக்கொண்டாள். செய்துவிட்டு, "ஒரு பொடி உள்ள போகாது" என்று பெருமை வேறு.

போகவில்லைதான். மறுநாள் மத்தியானம் பையன்கள் ஆளுக்கொரு மேட்ச் பார்க்க, இவள் பிளான்ட்டில் நுழைந்து பார்க்க, பாதியில் எல்லாம் உறைந்து நின்றது. கதவைத் திறந்தால் முகத்தில் இட்லிக் குண்டான் மூடியைத் திறந்த சூடு! சூடு பார்க்கும் துப்பாக்கியைப் பிடித்தாள். எண்பத்தாறு டிகிரி. வெளி ஓடே எண்பத்தாறு என்றால் உள்ளே கேட்கவே வேண்டாம்.

சந்தோஷின் முகம் கண்முன் வந்தது. கடுப்பாக இருந்தது, அவன்மேல் அல்ல, தன்மேல். "புத்தி கெட்டவளே," என்று சத்தமாகவே திட்டிக்கொண்டாள். ஆனால் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ரகம் இல்லை அவள். இரும்புப் பெட்டியைக் கழற்றி ஓரமாக எறிந்தாள். கறுப்புப் பெட்டியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, வரம்புகள் மேலும் கீழுமாக இருக்கும்படி மாட்டினாள். சூட்டுக்காற்று மேலே ஏறும், குளிர்ந்தது கீழிருந்து வரும். தூசி உட்காரட்டும், வாரம் ஒருமுறை பிரஷ் போட்டால் போச்சு. உள்ளே இழுக்கத்தான் ஆள் இல்லையே.

சூடு இறங்கியது. ஆனாலும் சிமென்ட் ஷீட் கூரை போட்ட அந்த அறையில், மே மாத மத்தியானத்தில், உள்ளே பிராசஸர் எண்பதுக்குக் கீழே வர மறுத்தது. ஹரீஷ்குமார் வர மூன்று நாள்தான் இருந்தது. இந்த முறை மூளையைக் கொடுத்தவர் திம்மப்பன்.

"உள்ள சூடு எப்படி ஓட்டுக்கு வருது?"

"ஒரு செம்புக் கட்டை இருக்கு. பிராசஸர் மேல அது ஒக்காரும். அது வழியா வரும்."

"ஒழுங்கா ஒக்காந்திருக்கான்னு பாத்தியா?"

அவள் பார்க்கவில்லை. பெட்டியைக் கழற்றிக் கீழே கொண்டுபோனார்கள். முப்பது வருஷமாக இரண்டு இரும்பு முகங்கள் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்த்துப் பிழைக்கிறவர் திம்மப்பன். மட்டம் பார்க்கிற சர்ஃபேஸ் பிளேட்டில் நீல மையை மெல்லிசாகத் தடவி, செம்புக் கட்டையை அதன்மேல் வைத்து, எடுத்துக் காட்டினார். ஓரம் இரண்டில் மட்டும் நீலம். நடுவில் ஒரு பொட்டுகூட இல்லை.

"அய்யோ தேவரே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பதற்றம் வந்தால் கடவுளைக் கூப்பிட அவருக்குக் கன்னடம்தான் வரும். "நடுவுல தொடவே இல்ல, மாதேசு. காத்துல நிக்குது கட்டை. இவன்லாம் ஒரு பிட்டரா?"

பிளேட்டின்மேல் நைஸ் எமரித் தாளை விரித்து, எட்டுப் போடுவதுபோல் கட்டையைத் தேய்த்தார். நீலம் பார்ப்பார், தேய்ப்பார், மறுபடி நீலம் பார்ப்பார். ஒரு மணி நேரத்தில் கட்டையின் முகம் முழுக்க நீலம் ஒரே சீராகப் பிடித்தது. துடைத்துச் சுத்தம் செய்து, சூடு கடத்தும் புதுப் பசை போட்டு மூடினார்கள். மறுநாள் முழுக்க அவள் வேண்டுமென்றே ஓயாமல் வேலை கொடுத்துப் பெட்டியை வறுத்தெடுத்தாள். அறுபத்தொன்றைத் தாண்டவில்லை. மனுஷனைக் கட்டிப்பிடித்திருப்பாள், ஷெட்டில் ஆள் இருந்ததால் தோளில் ஒரு குத்தோடு விட்டாள்.

சொன்ன நாளில் ஹரீஷ்குமார் வந்தான். லேப்டாப்பை விரித்தான். பெங்களூரில் இருந்தபடியே அவனுடைய ஆள் ஒருவன் இணையம் வழியாக இந்த வீட்டின் ஒவ்வொரு வாசலையும் தட்டித் தட்டிப் பார்ப்பான். ஒரு மணி நேரம். "டெஸ்ட் முடியற வரைக்கும் பிளான்ட்டுக்குள்ள போகாதீங்க மேடம்," என்றான்.

இருபது நிமிஷம் ஆகியிருக்கும். போன் அடித்தது. தொழிற்சாலை ஆப்பரேட்டர் பரமசிவம்.

"அக்கா, கூலிங் பம்ப் நின்னுப்போச்சு! ஸ்டேண்ட்பையும் எடுக்க மாட்டேங்குது. ஆறு டன் கூழு சூடா குழாய்லயே நிக்குதுக்கா. இப்படியே நின்னா கருகிப்போயிடும்!"

மாதேஸ்வரி ஹரீஷ்குமாரைப் பார்த்தாள். அவனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

"டெஸ்ட்டை நிறுத்தினா இந்த வாரம் மறுபடி டேட் கிடையாது மேடம்," என்றான், கொஞ்சம் தயங்கி. "திங்கக்கிழமை ஏஜென்சிக்கு முடிவு சொல்லணும்."

"யாரு நிறுத்தச் சொன்னா? உங்க ஆளு தட்டிக்கிட்டே இருக்கட்டும். நான் உள்ள போறன்."

"ரூல்படி..."

"சார், கூழுக்கு ரூல் தெரியாது."

அவன் தடுக்கவில்லை. ஒரு பக்கம் பெங்களூர்க்காரன் தட்ட, இன்னொரு பக்கம் அவள் தன் வழியைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். திரை ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. முதல் பம்ப் ஓவர்லோடில் நின்றிருந்தது. இரண்டாவது, தன் வால்வு திறந்த சேதி வராமல் காத்துக்கொண்டு நின்றது.

"பரமசிவம், ரெண்டாவது பம்ப்புக்குப் பின்னால மஞ்சக் கைப்பிடி இருக்கா? அதைக் கையால தொற. முழுசா. தொறந்துட்டு சொல்லு."

"தொறந்துட்டன்க்கா!"

திரையில் வால்வு பச்சையானது. பழைய கோளாறை அழித்துவிட்டு இரண்டாவது பம்ப்பை ஓட்டினாள். தண்ணீர் ஓட்டம் ஏறியது. கூழின் சூடு மெல்ல, மெல்ல இறங்கியது. அவள் ஓரக்கண்ணால் சுவரில் இருந்த பெட்டியின் சூட்டையும் பார்த்துக்கொண்டாள். அறுபத்து மூன்று.

"ஓடுதுக்கா! நகருது! நீங்க நல்லா இருக்கணும்க்கா," என்று அந்தப் பக்கம் பரமசிவம் கத்தியது ஹரீஷ்குமாருக்கே கேட்டது.

ஒரு மணி நேரமும் முடிந்ததும் அவன் அறிக்கையைக் கடைசிவரை உருட்டிப் பார்த்தான். வெளியிலிருந்து திறந்த வாசல் ஒன்றுகூட இல்லை. கேமராக்கள் வாயே திறக்கவில்லை.

"பாஸ் மேடம். ஆனா டெஸ்ட் நடுவுல உள்ள போனதை எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க. எதுக்குப் போனன்னும் சேத்து எழுதுங்க."

அவன் எழுதினான். போன் வந்த நேரத்தையும் பம்ப் ஓடின நேரத்தையும் பார்த்துக் கணக்குப் போட்டவன், தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டான்.

"பதினோரு நிமிஷம்," என்றான். பிறகு யாரிடமோ சொல்வதுபோல, "ஏஜென்சி கொட்டேஷன்ல, கூப்பிட்டா நாலு மணி நேரத்துல பாப்போம்னு போட்டிருக்காங்க." லேப்டாப்பை மூடினான். "திங்கக்கிழமை அவங்களை வர வேணாம்னு சொல்லிடறன் மேடம்."

அவனை வாசல்வரை சிரித்தபடியே வழியனுப்பினாள். வண்டி திரும்பி மறையும்வரை நின்றாள். பிறகு நேராக ஷெட்டுக்குள் வந்தாள். திம்மப்பன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தினார்.

"என்னாச்சு? பெட்டி நின்னுப்போச்சா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

"ஏ மாதேசு, சொல்லித் தொலையேன். என்னா சொன்னான்?"

"வேற யாரும் வேணாமாங்க," என்றாள். "நான் போதுமாம்."

சொல்லிவிட்டு, ஷெட்டில் வேலை செய்த இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நிற்க, சத்தம் போட்டே அழுதாள்.